பத்து நிமிஷத்துல தானாத் திரும்பிரும்

சிரிங்கடா, நல்லா சிரிச்சு முடிங்க, அப்பறம் சொல்றேன். ஃபயர்வால்னா தீயணைப்பு ஸ்டேஷன் செவுத்துக்கு அடிக்கற பெயிண்டான்னு கேட்டவன் ஒருத்தன் இங்கதான உக்காந்திருக்கான், பேரைச் சொல்ல மாட்டேன், அவனே காதைத் தடவிக்கறான் பாருங்க. வீட்டு வைஃபைக்கு ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா பாஸ்வேர்டு வெச்சிருக்கற கூட்டம் நீங்க. உங்களுக்குப் போய் நான் நெட்வொர்க் கதை சொல்லணும்னு என் தலையில எழுதியிருக்கு. சரி, கேளுங்க. நம்ம லோகுதான். அதே லோகநாதன். இன்ஜினியரிங் மூணாவது வருசத்துல பரீட்சைப் பேப்பர்ல ‘இந்தக் கேள்வி நடத்துன அன்னிக்கு நான் வகுப்புல இல்லைங்க, நீங்க இருந்தீங்களா?’ன்னு எழுதி வெச்சுட்டு, அப்படியே வெளிய வந்து பஸ் ஏறுனவன், திரும்பக் காலேஜ் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. வாயைத் தெறந்தான்னா எதுத்தாப்பல இருக்கறவன் சிரிச்சுட்டுத்தான் போவான். அந்த வாய் பொத்திக்கிட்டுக் கெடந்த ஒரு காலை நேரத்தைப் பத்திதான் இப்பச் சொல்லப் போறேன். பெருசா ஒண்ணும் நடக்கலடா. ஒருத்தன் நாற்காலில உக்காந்து ஒரு திரையப் பாத்துட்டே இருந்தான். அவ்வளவுதான்.

திரையில சின்ன வட்டம் ஒண்ணு சுத்துது. சுத்துது, சுத்துது, நிக்கல. கணபதி ஏரியாவுல பேட்டரிக் கடைக்கு மேல, ஊர் ஊருக்கு நெட்வொர்க் பாத்துக்கற மாடி ஆபீஸ், ஃபேன் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுது, கீழ எவனோ ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி விடறான், லோகு அந்த வட்டத்தையே பாக்கறான். இப்ப வந்துரும். இப்ப வந்துரும். நெட்டு மெதுவா இருக்கும். மெதுவாத்தான் இருக்கும், மழைக்காலம். மழை எங்க பேயுது, வெயிலு கண்ணைப் பறிக்குது. சரி, வெயில்லயும் மெதுவாத்தான் இருக்கும். அவனுக்குத் தெரியும் நெட்டு மெதுவா இல்லைன்னு. பக்கத்துக் கம்ப்யூட்டர் டப்பாவுல கிரிக்கெட் ஸ்கோர் ஜம்முனு ஓடிட்டு இருக்கு. நிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் மண்டியோட ஃபயர்வால், நெட்டு வழியா வர்றவனைப் பாத்து உள்ள விடற காவக்காரப் பொட்டி. எவனை எங்க விடணும்னு அதுக்குள்ள இப்பத்தான் ஒரு ரூல் போட்டான். சேமிங்கற பட்டனை அமுக்குனான். அந்த அமுக்குன விரல் இன்னும் அப்படியே மவுஸ் மேல நிக்குது, அது அவனோட விரல் இல்லாத மாதிரி, வேற யாரோ வந்து வெச்சுட்டுப் போன மாதிரி. விரலை எடுடா. எடுத்தா மட்டும் என்ன ஆவும், ரூலு திரும்பி வருமா. அமுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி வரைக்கும் என்ன சந்தோசம்! வாணிக்கா மத்தியானம் லேப்டாப்பைத் தெறப்பாங்க, சாங்லி வியாபாரிங்களுக்காக அவங்க போடறதா இருந்த புது ரூல் ஏற்கெனவே உக்காந்திருக்கும், ‘அட, பரவால்லையே லோகு’ம்பாங்க. அந்த ‘பரவால்லையே’வுக்குத்தான் இத்தனையும். வாணிக்கா வாயில இருந்து அது லேசுல வராது. கோகிலவாணின்னு முழுப்பேரு, லோகுவுக்கு நாலஞ்சு வயசுதான் மூப்பு, ஆபீஸ்ல அவங்க பேசறது குறைச்சல், எழுதறதும் குறைச்சல், ஆனா எழுதுனா நிக்கும். அவங்க ‘பரவால்லையே’ன்னா ஊரே மாலை போட்ட மாதிரி.

அந்த ரூல்களை நீங்க பாக்கணும்டா. லோகு தினமும் காலையில வந்ததும் அதைத்தான் தெறந்து பாப்பான், சில பேரு பேப்பர்ல ராசிபலன் பாக்கற மாதிரி. வெளி உலகத்தைப் பொறுத்த வரைக்கும் மண்டிக்கு இருக்கறது ஒரே ஒரு நம்பர், அதான் நெட்டுல அதோட விலாசம். உள்ள எவ்வளவு இருக்கு, எடை மேடைக் கம்ப்யூட்டரு, கேமரா, ஆபீஸ் பொட்டிங்க, நடுவுல ராசாவாட்டம் டெண்டர் சர்வர். டில்லிலயும் சாங்லிலயும் உக்காந்துட்டு வியாபாரிங்க விரலி மஞ்சளுக்கு இவ்வளவு, கெழங்கு மஞ்சளுக்கு இவ்வளவுன்னு வெலை போடறது அந்த சர்வர்லதான். வர்றவன் எல்லாம் அதே ஒத்தை நம்பருக்குத்தான் வருவான். எவன் எந்தக் கதவு நம்பரைச் சொல்லித் தட்டறான்னு பாத்து, வெளி நம்பரை உள் நம்பரா மாத்தி, சரியான பொட்டிக்கு அனுப்பி வெக்கணும். உள்ள இருந்து பதில் போறப்ப, எவன் கேட்டானோ அவனுக்கே போய்ச் சேரணும். டில்லிக்காரன் கேட்டது சாங்லிக்காரனுக்குப் போச்சுன்னா மண்டி ரெண்டாயிரும். ஒரே நேரத்துல எத்தனை பேரு கேட்டாலும் அந்தப் பொட்டி ஒருத்தனையும் மறக்கறதில்ல. லோகுவுக்கு முந்தாநாள் யார்கிட்ட என்ன சொன்னான்னே ஞாபகம் இருக்காது. அதனாலயே அதைப் பாக்கப் பாக்க ஆச்சரியம். அதுலயும் வாணிக்கா ரூல் வெக்கற வரிசை இருக்கே. பொட்டி மேல இருந்து கீழ படிக்கும், மொத ஒத்துப்போற ரூலோட நின்னுரும், அதுக்குக் கீழ சொர்க்கமே இருந்தாலும் எட்டிப் பாக்காது. அதனால எது மேல, எது கீழங்கறதுதான் வித்தை. ஒவ்வொரு ரூல் பக்கத்துலயும் நாலு வார்த்தை எழுதி வெச்சிருப்பாங்க. ‘எடை மேடை. இதை நகத்துனா லாரி வெயில்ல நிக்கும்.’ ‘கேமரா. பாக்க மட்டும்.’ கடைசி ரூலுக்கு, ‘வேற எவன் வந்தாலும் போயிட்டு வாப்பா.’ லோகு அதைப் படிச்சுட்டு மொத நாளு விழுந்து விழுந்து சிரிச்சான். இந்தம்மாவுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்காளேன்னு.

அப்படிப்பட்ட வரிசையில தலைமாட்டுல போய் தான் செஞ்சதைச் சொருகியிருக்கான். ஏன் மேல வெச்சான்? கீழ வெச்சா அந்த ‘போயிட்டு வாப்பா’வுக்கு அடியில மாட்டிக்கும்னு நெனச்சான், சரி, அது சரியான நெனப்புதான், ஆனா நடுவுல வெச்சிருக்கலாமே, வெக்கல, மேல வெச்சா எடுப்பா இருக்கும், தெறந்ததும் கண்ணுல படும். கண்ணுல படணும்னா நெத்தில எழுதி ஒட்டிக்க வேண்டியதுதான. அதுகூடப் பரவால்ல. போர்ட் கட்டம். எந்தக் கதவு நம்பர்னு கேக்கற கட்டம். அதை நிரப்புனமா? நிரப்பல. நிரப்பாம விட்டா அதுவே ‘எல்லாம்’னு எடுத்துக்கும். எல்லாம். எல்லாம்னா எல்லாமும்தான். ஊர்ல இருந்து எவன் எந்தக் கதவைத் தட்டுனாலும் இழுத்துக்கிட்டுப் போய் சாங்லிக்குப் புதுசா வெச்ச அந்த ஒரே பொட்டி முன்னாடி நிறுத்திரும். டெண்டருக்கு வாணிக்கா வெளிய ஒரு நம்பர், உள்ள ஒரு நம்பர்னு மாத்தி வெச்சிருந்தாங்க, இப்ப மாத்தறதுக்கு ஆள் இல்ல, வெளி நம்பர் அப்படியே உள்ள போய் நிக்கும், அந்த நம்பர்ல உள்ள கதவே கெடையாது, செவுரு. அப்ப டில்லிக்குச் செவுரு. சாங்லிக்குச் செவுரு. எனக்கு? நானும் வெளிய இருந்துதான வர்றேன். ஃபயர்வாலைத் தொடறதுக்கு நான் தட்டற கதவையும் சேத்தில்ல அது இழுத்துட்டுப் போவுது. வீட்டுக்குள்ள சாவிய வெச்சுக் கதவைச் சாத்துனவனாவது ஜன்னல் வழியா சாவியப் பாக்கலாம். எனக்கு வட்டம்தான் தெரியுது. எந்திரிச்சுத் தண்ணி குடிக்கலாமான்னு பாத்தான். எந்திரிக்கல. எந்திரிச்சா இது நெசமாயிரும்.

டிக். டிக் போட்டமா? ஒரு கட்டம் இருக்கு, வாணிக்கா தூர ஊருப் பொட்டியில கை வெக்கறப்பல்லாம் மொதல்ல அதுலதான் டிக் போடுவாங்க. ‘பத்து நிமிஷத்துக்குள்ள சரின்னு சொல்லலைன்னா பழையபடி திரும்பிரு’ன்னு பொட்டிகிட்டயே சொல்லி வெக்கறது. நம்மளே நம்மள வெளிய தள்ளிப் பூட்டிக்கிட்டாலும், சரின்னு சொல்ல ஆள் வரலையேன்னு அதுவா பழைய நெலைக்குப் போயிரும். டிக் போட்டமா? திரைய மனசுல கொண்டு வந்து பாக்கறான். இடது பக்கம் மெனு, நடுவுல பேரு, ‘சாங்லி புதுசு’ன்னு தட்டுனது ஞாபகம் இருக்கு, தட்டறப்ப கீழ பேட்டரிக் கடையில எவனோ ஆசிட்டு ஆசிட்டுன்னு கத்துனது ஞாபகம் இருக்கு, மூக்குல அந்த வாடை வந்தது ஞாபகம் இருக்கு. கட்டம்? கட்டத்துல டிக்கு இருந்த மாதிரியும் இருக்கு, வெறுமையா இருந்த மாதிரியும் இருக்கு. கேஸை அணைச்சமான்னு பஸ்ஸுல பாதி தூரம் போனப்பறம் யோசிக்கற மாதிரி. யோசிக்க யோசிக்க கையே அணைச்ச மாதிரிப் பாவனை காட்டும், நம்பறதா வேண்டாமா. டிக் போட்டிருந்தா கொஞ்ச நேரத்துல எல்லாம் பழையபடி. ஒருத்தருக்கும் தெரியாது. நெட்டு போச்சு, வந்துச்சு, யார் கேக்கப் போறா. போடலைன்னா? போடலைன்னா அங்க போய்த்தான் சரி பண்ணணும். அங்க யாரு இருக்கா? வாணிக்காவே இருக்காங்க. அங்கதான் இருக்காங்க, ரெண்டாவது இன்டர்நெட் லைன் இழுக்கறதுக்குக் காலையிலயே போயிட்டாங்க. ஒரு போன் போட்டாப் போதும், ‘அக்கா, மொத ரூலை அழிச்சுருங்க’, நாலு வார்த்தை, லேப்டாப்பைச் சொருகி அரை நிமிஷத்துல முடிச்சுருவாங்க. போன் மேசை மேலதான் கெடக்கு. கவுத்துப் போட்டிருக்கு. நிமித்தறதுக்கு என்னடா. நிமித்தலாம். இந்த வட்டம் இன்னும் ஒரு சுத்து சுத்தட்டும், பாத்துட்டு நிமித்தலாம்.

நேத்து சாயங்காலம் அவங்க சொன்னது காதுல அப்படியே இருக்கு. ‘சாங்லிக்காரங்களுக்குப் புதுசா ஒரு மெஷின் போட்டாச்சு, அதுக்கு ரூலை நாளைக்கு டெண்டர் மூடுனப்பறம் நான் அங்கிருந்தே போட்டுக்கறேன். டெண்டர் ஓடறப்ப பொட்டில கை வெக்கக் கூடாது லோகு, மேல பறக்கற பிளேனுக்கு ரெக்கையக் கழட்டற வேலை அது.’ இவன் உடனே, ‘கழட்டிட்டு ஜன்னல் சீட்டு கேக்கலாங்களாக்கா’ன்னான். அவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு வேற ஞாபகம் வருது. மண்டிக் கமிட்டியில ஆரம்பத்துல என்ன பேசுனாங்கன்னு இவனுக்குத் தெரியும், ‘ஒரு பொம்பளப் புள்ளைய நம்பி டெண்டரைக் குடுக்கறதாங்க, சும்மா ஏதாச்சும் ஒயரு கியரு மாத்துனாச் சரி’ன்னு, கூட்டத்துல அவங்க முன்னாடியே. போன வருசம் பூரா டெண்டரு ஒரு நாளும் நிக்கல, அதுதான் அவங்க பதில். இப்ப பக்கத்து ரெண்டு மண்டியையும் அவங்க கையில குடுக்கலாமான்னு கமிட்டி பேசிட்டு இருக்கு. இன்னிக்கு நின்னா? ‘அன்னிக்கே சொன்னமில்ல’ன்னு ஒருத்தர் சொல்லுவாரு. ஒருத்தர் சொன்னாப் போதும். அதுவும் யாரு பேர்ல நிக்குது? லோகுவுக்கு அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற உரிமை பாக்க மட்டும், அந்த கேமரா மாதிரி. ஒரு நாள் அவங்க இவன் டப்பாவுல உக்காந்து அவங்க பேரைப் போட்டு உள்ள போயி எதையோ காட்டுனாங்க, இந்தப் பாஸ்வேர்டை ஞாபகம் வெச்சுக்கட்டுமான்னு டப்பா கேட்டுச்சு, அவங்க போனப்பறம் இவன்தான் ‘சரி’ன்னு அமுக்குனான், இன்னிக்கு அவங்க பேர்லயே உள்ள போனான். சும்மா. சும்மாதான்டா. அவங்க வெக்கற மாதிரி நாமளும் ஒண்ணு வெச்சுப் பாக்கலாம்னு ஒரு ஆசை. ஓவியம் வரையறவன் இல்லாத நேரத்துல அவன் பிரஷ்ஷை எடுத்துக் காத்துல ஆட்டிப் பாக்கற மாதிரி. காத்துல ஆட்டுனாப் பரவால்ல. படத்து மேல இழுத்துட்டானே.

போன் அடிச்சுது. கவுந்தபடியே மேசையில நண்டு மாதிரி நகந்துச்சு. நிமித்துனான். வாணிக்கா.

“லோகு, வெளிய இருந்து டெண்டர் பேஜ் வருதான்னு பாரு. டில்லில இருந்து கூப்பிடறாங்க, ஓப்பனே ஆவலையாம்.”

“பாக்கறனுங்க்கா.” பாக்க என்ன இருக்கு. வட்டம். “வரலீங்க்கா.”

“உள்ள நல்லா இருக்கு. நீ எதாச்சும் தொட்டியா?”

இங்கதாண்டா. ஒரு நொடி. இவன் வாயி இருக்கே, பொறந்ததுல இருந்து கேட்ட கேள்விக்கெல்லாம் யோசிக்கறதுக்கு முன்னாடி பதில் சொல்லியே பழகுன வாயி. “நானுங்களா? எனக்கு அதைப் பாக்கத்தானுங்க்கா உரிமை, சாமி கும்பிடற மாதிரி. நெட்டு லைன்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்.”

“அப்ப லைன்தான்” அப்படின்னாங்க, உடனே, ஒரு சந்தேகமும் இல்லாம. “நான் மோடத்தைப் பாக்கறேன். கட் பண்ணாத, லைன்லயே இரு.” பின்னாடி ஒரு கரகரப்பான குரலு, மண்டி செயலாளர் நாச்சிமுத்து. “ஏம்மா, வெவசாயிக சத்தம் போடறாங்க. மூட்டையப் பிரிச்சுக் கொட்டிட்டு உக்காந்திருக்காங்க. வெளியூரு வெலை வரலைன்னா உள்ளூருக்காரன் சொன்னதுதான் வெலைன்னு ஆயிரும். தெரியுமில்ல?” “தெரியுதுங்க, பாக்கறனுங்க, ஒரு நிமிஷமுங்க.” அவங்க செருப்புச் சத்தம் வேகமாப் போவுது. ஏணிய இழுக்கற சத்தம். மோடம் மேல உசரத்துல இருக்கும்போல. அவங்க ஏறறாங்க. இல்லாத கோளாறைத் தேடி ஏறறாங்க. லோகு போனைக் காதுல வெச்சுட்டே கேக்கறான், மூச்சு வாங்கறது கேக்குது, ஒவ்வொரு ஒயரா ‘இது சரி, இது சரி’ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறது கேக்குது. என்ன பொறுமைடா அது. அத்தனை கூச்சல்ல, ஒவ்வொண்ணாத் தொட்டு, சரின்னு சொல்லி, அடுத்ததுக்குப் போறது. நானா இருந்தா மொத்தத்தையும் புடுங்கித் திரும்பச் சொருகியிருப்பேன். சொல்லிரலாம். இப்பச் சொல்லிரலாம். அக்கா எறங்குங்க, மேல ஒண்ணுமில்ல. நாக்கு நுனியில நிக்குது. சொன்னா அந்த ‘உடனே’ போயிரும், ‘அப்ப லைன்தான்’னு நம்புன அந்த உடனே. இனிமே நான் என்ன சொன்னாலும் அவங்க ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் நம்புவாங்க. அந்த ஒரு நொடிய நெனச்சா பயமா இருக்கு. இதுக்கு டெண்டரே நின்னாலும் தேவலாம்னு இருக்கு. சீ, என்ன ஆளுடா நானு, மஞ்சளைக் கொட்டி வெச்சுட்டு அவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க. டிக் போட்டிருப்பேன். போட்டிருப்பேன். போட்டிருந்தா…

வட்டம் நின்னுச்சு. திரை வந்துருச்சு. உள்நுழைவுப் பக்கம், பளிச்சுனு. மேல ஒரு மஞ்சப் பட்டை. ‘உறுதி செய்யாததால் மாற்றம் நீக்கப்பட்டது’ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வரி. அதுக்குக் கீழ இன்னும் ஒண்ணு, ‘தானா நீக்கற வசதி: நிர்வாகி எப்பவும் போட்டு வெச்சது.’ லோகு அதை ரெண்டு தடவை படிச்சான். இவன் டிக் போடவே இல்ல. யார் வந்து எத்தனை அவசரத்துல எதை மறந்தாலும், கேக்காமலே பத்து நிமிஷத்துல திரும்பிரணும்னு அவங்க அந்தப் பொட்டிக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருக்காங்க. வாணிக்கா டிக் போடறதைப் பாத்தமே, அது பழைய பொட்டிங்களுக்கு. இதுக்கு வேண்டியதே இல்ல. தப்புப் பண்ணப்போற ஒருத்தன் வருவான்னு தெரிஞ்சு, அவன் மேல கோவமே இல்லாம, அவனுக்கும் சேத்து ஒரு மெத்தைய விரிச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. தப்பிச்சம்டாங்கற நெனப்பு மொதல்ல வரல அவனுக்கு, நம்புங்க, மொதல்ல வந்தது அதுதான்: என்ன மூளைடா, என்ன மனசுடா. தப்பிச்சம்டாங்கறது ரெண்டாவதுதான் வந்துச்சு. ஆனா வந்துச்சு.

போன்ல கசமுசான்னு சத்தம். “வந்துருச்சுங்க, டில்லி வந்துருச்சுங்க!” யாரோ கத்தறான். ஏணில இருந்து எறங்கற சத்தம். நாச்சிமுத்து குரலு கிட்ட வருது. “வந்துருச்சு, சரி. ஏன் போச்சு? சாயங்காலம் கமிட்டில கேப்பாங்கம்மா. நான் என்ன சொல்றது?” “லைனுங்களான்னு பாத்துச் சொல்றனுங்க. பொட்டியே எழுதி வெச்சிருக்குமுங்க.” லேப்டாப் தெறக்கற சத்தம். போன் ஸ்பீக்கர்ல இருக்குபோல, எல்லாமே கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. கீ தட்டற சத்தம். லோகுவுக்குத் தெரியும் அவங்க இப்ப எதைப் படிக்கறாங்கன்னு. ரூல் போட்டது யாருன்னு அதுல இருக்கும், வாணின்னு இருக்கும். எங்க இருந்து போட்டதுன்னும் இருக்கும், கணபதி ஆபீஸ் நம்பரு. அந்த நேரத்துல அவங்க மண்டியில லைன் இழுத்துட்டு இருந்திருப்பாங்க. கணக்குப் போட அவங்களுக்கு எத்தனை நேரம் ஆவும்? திட்டுங்கக்கா. ஏதாச்சும் சொல்லுங்க.

“என்னம்மா, யாரு கை வெச்சிருக்காங்க?”

“என்னோட லாகின்தானுங்க” அப்படின்னாங்க வாணிக்கா. குரலு நடுங்கல, ஒசரல. “என் பேர்லதான் மாத்தம் ஆயிருக்குங்க. என் பொறுப்புங்க.”

“டெண்டர் ஓடறப்பவா? நீயே கை வெக்கக் கூடாதுன்னு சொல்லுவியேம்மா!”

“ஆமாங்க.”

“அப்ப கமிட்டில அவங்க சொன்னது சரியாப் போச்சே. உன்னைய நம்பி இன்னும் ரெண்டு மண்டி…”

லோகுவுக்கு ஒரு ஜோக்குக்கூட வரல. மனசுக்குள்ள எட்டிப் பாத்தான், உள்ள எதுவுமே இல்ல. போன் ஓடிட்டுத்தான் இருக்கு. இப்ப கட் பண்ணாலும் யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல, அவங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, நாளைக்கும் ஆபீஸுக்கு வருவாங்க, ‘வாடா லோகு’ம்பாங்க. அதை நெனச்சப்பதான் அந்த வாயி தானாத் தெறந்துச்சு.

“ஐயா,” அப்படின்னான், ரொம்பச் சத்தமா, ஃபேனுக்கு மேல கேக்கற மாதிரி. “அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்க பாஸ்வேர்டை எடுத்து அந்த ரூலைப் போட்டது நானுங்க. தொட்டியான்னு கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொல்லி ஏணி ஏத்துனதும் நாந்தானுங்க.”